சென்சார்தாங்க மேடம்

நவம்பர் 4, செவ்வாய்

எடை 62.1. தண்ணீர் எழுநூறு மில்லி.

டயாலிசிஸ் பிரிவில் ஜெசிந்தா சிஸ்டர் கொடுத்த நோட்டு இது. தினமும் இரண்டே விஷயம் எழுதினால் போதுமாம்: என் வீட்டுக்காரருடைய காலை எடை, இவர் குடித்த தண்ணீர். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடிக்கிற தண்ணீரெல்லாம் தங்கிவிடுகிறது. எடை ஐம்பத்தொன்பதைத் தாண்டிப் போகிற அளவைப் பார்த்து, செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் அதை எடுக்கிறார்கள். ஆக, பக்கத்துக்கு ஒரு வரி. மீதியை நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது, அரவேனு தாண்டியதும் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. இவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு, நான்கு மணி நேரம் இருக்கிறதே என்று காரமடை ரோட்டிலுள்ள சர்வீஸ் சென்டருக்குப் போனேன். கவுன்டரில் நவநீதன் என்று பெயர் குத்திய ஒருவன். முதல் கேள்வியே, “சார் வரலைங்களா மேடம்?”

“சார் வரமாட்டார். வண்டி ஓட்டறது நான்தான். எங்கிட்டயே சொல்லுங்க.”

அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே பேசினான். எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவும் ஒரு தண்ணீர் கேனும்தான் இருந்தன. ஏதோ வயரைச் சொருகிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்துவிட்டது.

“ஒண்ணுமில்லைங்க. வெறும் சென்சார்தாங்க மேடம். எரர் அழிச்சாச்சு.”

“எந்தச் சென்சார்? எதனால வந்துச்சு?”

“அதெல்லாம் டெக்னிக்கல் மேடம். சாரை ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, விளக்கமா சொல்லிடறேன்.”

இருபத்தெட்டு வருஷம் தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். வந்தவர் படித்தவரா படிக்காதவரா, ஆணா பெண்ணா என்று பார்த்து ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இவருக்காக, இந்த மலை ரோட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். எனக்கு டெக்னிக்கல் புரியாதாம்.

நவம்பர் 5, புதன்

எடை 59.4. தண்ணீர் அறுநூறு. விளக்கு எரியவில்லை. துணி துவைத்தேன், காயவில்லை. மூன்று நாளாக மூடுபனி.

நவம்பர் 7, வெள்ளி

எடை 61.9. தண்ணீர் எழுநூறு. (இவர் சொன்ன கணக்கு.)

முள்ளூர் வளைவில் மறுபடி அதே விளக்கு. இவர் அதைப் பார்த்ததும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீ ஃபேக்டரியில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஏதாவது யோசனை சொல்வார் என்று நினைத்தேன்.

“வண்டியத் திருப்பு அரசி. வீட்டுக்குப் போயிரலாம். செவ்வாக்கெழம பாத்துக்கலாம்.”

“விளக்கு எரியுதுன்னு டயாலிசிஸை விடுவாங்களா யாராவது?”

“ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆகாது.”

ஒரு நாள் விட்டால் என்ன ஆகும் என்று இவருக்கு எதிரிலேயே டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். நான் வண்டியைத் திருப்பவில்லை. அந்த நவநீதன் மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு பஸ்களை முந்தினேன். பஸ்ஸில் போகலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். மெஷினிலிருந்து இறங்கியவரை இந்த வளைவுகளில் பஸ்ஸில் ஏற்றி வந்தபோது, இரண்டு முறை என் மடியில் மயங்கி விழுந்திருக்கிறார். சொல்கிறவர்கள் யாரும் அன்றைக்குக் கூட வரவில்லை.

நவநீதனுக்குப் போன் செய்தேன். “செவ்வாக்கெழம வண்டிய விட்டுருங்க மேடம், பார்ட்டை மாத்திரலாம்” என்றான்.

நவம்பர் 9, ஞாயிறு

எடை 61. தண்ணீர் அறுநூறு.

காலையிலிருந்து இவர் ஒரே வேலையாக இருந்தார். மீட்டர் பெட்டியிலுள்ள ஒவ்வொரு ஃபியூஸுக்கும் சீட்டு எழுதி ஒட்டினார். மோட்டார் ஓடாவிட்டால் எதை முதலில் பார்க்க வேண்டும், கேஸ் புத்தகம் எங்கே இருக்கிறது, வீட்டுப் பத்திரம் எந்தப் பையில், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தார்.

“எதுக்கு இதெல்லாம்? உங்களைக் கேட்டா சொல்லப்போறீங்க.”

“நான் ஆஸ்பத்திரில இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணுவ?”

அதுவும் சரிதான். ஆனால் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறார், எனக்குக் கண் தெரியாத மாதிரி. எரிச்சலாக இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

எடை 63.2. எங்கள் எடை மெஷின் சரியில்லை. தண்ணீர் எழுநூறு என்கிறார். எழுநூறு குடித்தவருக்கு நான்கு கிலோ எப்படி ஏறும்? மெஷினை மாற்ற வேண்டும்.

ஆஸ்பத்திரி மெஷினும் அதையே காட்டியது. ஜெசிந்தா சிஸ்டர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார்.

“அக்கா, அண்ணன் வீட்டுல எப்படி இருக்கார்? பேசறாரா? சாப்பிடறாரா?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கார்.”

“இல்ல, எங்கிட்ட ஒண்ணு கேட்டார். இதை நிறுத்தினா எத்தனை நாள் தாங்கும்னு.”

அந்த சிஸ்டருக்கு வேலை ஊசி போடுவது. அதைச் செய்தால் போதும். இவர் எதையும் விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிற மனிதர். மின்விசிறி வாங்கினால்கூட எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்பார். அதைச் சொன்னேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துவிட்டுப் போய்விட்டார். எதற்குப் பிடித்தார் என்று தெரியவில்லை.

காரை சர்வீஸ் சென்டரில் விட்டோம். வாடகைக் காரில் மலையேறினோம். வழியெல்லாம் இவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 13, வியாழன்

எடை 60.8. தண்ணீர் எழுதவில்லை.

சர்வீஸ் சென்டருக்கு நேற்று மூன்று முறை, இன்று ஐந்து முறை போன். “பார்ட் வந்துட்டே இருக்கு மேடம்.” எங்கிருந்து வருகிறது, நடந்தா வருகிறது என்று கேட்டேன். சிரிக்கிறான். “நாளைக்கு டெலிவரிங்க, கண்டிப்பா” என்று சொல்லி வைத்துவிட்டான்.

நவம்பர் 14, வெள்ளி

எடை 61.7. தண்ணீர் எண்ணூறு.

வண்டி கிடைத்துவிட்டது! விளக்கு இல்லை. திரும்பி ஏறும்போது அரவேனு வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தேன். எரியவே இல்லை. எட்டு முறை போன் செய்தால்தான் இவர்களுக்கு வேலை ஓடும். நான் விடாமல் கேட்டதால் நடந்தது. இதை இவரிடமும் சொன்னேன். “நீ ஜெயிச்சுட்ட புள்ள” என்றார். இரவுக்கு ரவை உப்புமா. பாதி வைத்துவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

எடை 61.5.

மதியம் சாப்பிடும்போது இவர் ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று போகவில்லை. மழை. ரோட்டில் மண் சரிந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மண் சரிந்தது குன்னூர் ரோட்டில். எங்கள் ரோடு திறந்துதான் இருந்தது. இவர் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் சட்டையைத் தேய்த்து வைத்தேன், கார் சாவியை எடுத்து வைத்தேன், எட்டு மணிக்கு ஒரு முறை, எட்டரைக்கு ஒரு முறை கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது ஆளைத் தூக்கி காரில் போட முடியுமா?

ஜெசிந்தா சிஸ்டர் போன் செய்தார். மண் சரிவு என்று சொன்னேன்.

நவம்பர் 20, வியாழன்

கால் வீங்கியிருக்கிறது. படுத்தால் இருமுகிறார். மூன்று தலையணை வைத்திருக்கிறேன். “நாளைக்கு வரேன்” என்று அவராகவே சொன்னார். மூச்சு விட முடியாதபோது எல்லோருக்கும் புத்தி வரும்.

நவம்பர் 22, சனி

நேற்று எழுத முடியவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நேற்றுக் காலை எடை 66. ஏழரைக்குக் கிளம்பினோம். இவர் ஜன்னலைத் திறந்து வைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். குஞ்சப்பனை தாண்டி இறக்கத்தில், வண்டி இரண்டாவது கியரில் இருக்கும்போது, ஒரு குலுக்கல். இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது. மஞ்சள் விளக்கும் எரியவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை. ஸ்டியரிங் கல்லைப் போல இறுகியது. பயத்தில் கிளட்சை முழுக்க மிதித்துவிட்டேன். வண்டி வேகம் பிடித்தது. பிரேக்கை மிதித்தேன். முதல் இரண்டு மிதிக்குப் பிடித்தது. மூன்றாவது மிதிக்குக் கால் இறங்கவே இல்லை. முன்னால் வளைவு. இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றுமே இல்லை, பனி மட்டும்.

“கிளட்ச்ச விடு! காலை எடு! எடு புள்ள!”

அந்தக் குரல் இவரிடமிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் வந்தவர். காலை எடுத்தேன். கியர் பிடித்து வண்டி முனகியது. இவர் ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். “பாறைப் பக்கம் ஒடி, சாக்கடையில எறக்கு!” ஒடித்தேன். முன் சக்கரம் ஓரத்துக் கால்வாயில் இறங்கி, கதவு பாறையில் உரசி, வண்டி நின்றது.

இவருடைய கை ஹேண்ட்பிரேக்கை விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்ஜின் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய சிக்னல் இல்லை. இவர் உதடு நீலமாக இருந்தது. அப்போது கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வந்தது. நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஓட்டி வந்தவர் பெயர் போஜன், நெடுகுளா பக்கம். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“ஐயாவ முன்னாடி ஏத்துங்கம்மா. மண்டி எங்கயும் போயிராது, கேரட் அப்பறம் போகட்டும்.”

மூன்று பேரும் முன் சீட்டில். போஜன் ஹார்ன் மேல் கை வைத்தபடியே இறங்கினார். பாதி வழியில் இவர் என் காதருகே வாயை வைத்து, மூச்சு மூச்சாகச் சொன்னார்.

“அரசி... சாவி போட்டவுடனே... மீட்டர்ல எல்லா வெளக்கும் ஒருக்கா எரியணும்... பேட்டரி எரிஞ்சது, ஆயில் எரிஞ்சது... இன்ஜின் வெளக்கு மட்டும் எரியல.”

“இப்ப பேசாதீங்க.”

“எரியல, அரசி. அந்த வெளக்க யாரோ எரியாம பண்ணிருக்காங்க.”

நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. ஆறு மணி நேரம் மெஷினில் போட்டார்கள். இப்போது ஆக்சிஜன் எடுத்துவிட்டார்கள். இட்லி கேட்டார். ஒன்றரை சாப்பிட்டார்.

ஜெசிந்தா சிஸ்டரிடம், செவ்வாய்க்கிழமை மண் சரியவில்லை என்று சொன்னேன். “தெரியும்க்கா” என்றார்.

நவம்பர் 24, திங்கள்

எடை 59.2. தண்ணீர் ஐந்நூறு. நானே ஊற்றிக் கொடுத்தது.

இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் நேராக வீட்டுக்குப் போகவில்லை. காரை அந்த சர்வீஸ் சென்டர்காரர்கள் தனியாகத் தொடக் கூடாது என்று இவர் சனிக்கிழமையே சொல்லிவிட்டார். சாவி என் பையிலேயே இருந்தது. ரெக்கவரி வண்டியில் காரைத் தூக்கிவந்து, பதினொரு மணிக்கு, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவர்கள் வாசலிலேயே இறக்கினோம். போஜனையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தேன். வந்தார். என் போனில் படம் பிடித்தார்.

மேனேஜர் ஓடிவந்தார். “உள்ள வாங்க சார், ஏசியில உக்காந்து பேசலாம். டீ சொல்லட்டுங்களா?”

“எனக்கு டீ ஆகாது. மீட்டரைக் கழட்டுங்க. இங்கயே. எல்லாரும் பாக்க.”

“சார், அது இன்ஜின் பிரச்சினையா இருக்கும். மீட்டரை எதுக்கு...”

“இன்ஜினை அப்பறம் பாக்கலாம். மீட்டரைக் கழட்டுங்க.”

நவநீதன் தூணோரம் நின்றிருந்தான். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான், உடனே தரையைப் பார்த்துக்கொண்டான். கழற்ற மாட்டோம் என்று மேனேஜர் இழுத்தார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து வந்து, “கழட்டுங்க சார், என்னதான்னு பாப்போம்” என்றார்கள். கழற்றினார்கள். இன்ஜின் விளக்கு எரிய வேண்டிய இடத்தில், பின்பக்கம், நகத்தளவு கறுப்பு டேப். கத்தரித்து அழகாக ஒட்டியிருந்தது.

எட்டு முறை போன் செய்து வெற்றி பெற்றவள் நான்.

“யாரு ஒட்டுனது?” என்றார் இவர்.

மேனேஜர் நவநீதனைப் பார்த்தார். நவநீதன் மேனேஜரைப் பார்த்தான். பிறகு அவன்தான் பேசினான்.

“பார்ட் வர ரெண்டு வாரம் ஆகும்னாங்க சார். மேடம் தெனம் போன் பண்ணுனாங்க. சொன்னேன் மேனேஜர்கிட்ட. அந்தம்மாவுக்கு லைட்டு எரியறதுதானே பிரச்சினை, அதை மறைச்சு அனுப்பு, பார்ட் வந்ததும் கூப்பிட்டு மாத்திக்கலாம்னு சொன்னாரு. சென்சார்தானேன்னு...”

“என்ன சென்சார்?”

“கிராங்க் சென்சார் சார்.”

“அது போனா இன்ஜின் ஓடறப்பவே நிக்கும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

அவன் தூணுக்குப் பின்னால் நகர்ந்தான்.

இவர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டார்கள், உட்கார மறுத்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இவ மலை ரோட்டுல ஓட்டறா. வாரத்துல ரெண்டு நாளு, மழையில, பனியில. வெளக்கு எரியுதுன்னு உங்ககிட்ட வந்து தன்மையாத்தான் கேட்டா. ஒரு பதிலை ஒழுங்கா சொன்னீங்களா? பார்ட் இல்ல, வண்டிய எடுக்காதீங்கன்னு சொல்லிருந்தா நாங்க வேற வண்டியில வந்திருப்போம். பிரேக்கு கல்லாட்டம் ஆயிருச்சு. அந்தப் பக்கம் பள்ளம். நான் போறது வேற விஷயம். நான் போறவன்தான். இவளைக் கொல்லப் பாத்தீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

காத்திருந்த ஒரு பெண் தன் வண்டிச் சாவியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மேனேஜர் இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னார். இவர் அந்த டேப்பைத் தொட விடவில்லை. அப்படியே படம் எடுத்து, மீட்டரோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டோம். வண்டியையும் அங்கே விடவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

எடை 60.3. தண்ணீர் அறுநூறு. டயாலிசிஸ் போய் வந்தாயிற்று, வாடகைக் காரில்.

“நான் போறவன்தான்.” இந்த ஒரு வார்த்தைக்காக நேற்று வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். பதினாறாம் தேதி சாப்பாட்டின்போது இவர் சொன்னதும் இதுதான். ‘போதும் அரசி, நிறுத்திக்கலாம். என்னால உன் வேலை போச்சு, உன் முதுகு போச்சு, அந்த ரோட்டுல ஒரு நாள் உனக்கு ஏதாவது ஆயிரும்.’ இப்போது எழுதிவிட்டேன்.

“வேலையை நான் விட்டேன். நீங்க விடச் சொல்லல. ஓட்டறது நான். என்னைக் கேக்காம நீங்க எப்படி முடிவு பண்ணுவீங்க? அந்த நவநீதனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனும் எங்கிட்ட எதையும் சொல்லல, நீங்களும் சொல்லல. வீடு பூரா சீட்டு மட்டும் எழுதி ஒட்டறீங்க!”

அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை, கோபமாக இருந்தார்.

“அவனையும் என்னையும் ஒண்ணாச் சேக்காத” என்றார். பிறகு, “தண்ணி... பாத்ரூம் குழாயில குடிச்சேன்” என்றார்.

எடை மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

எடை 59.8. தண்ணீர் அறுநூறு.

கோத்தகிரியிலேயே ஒரு மெக்கானிக் சென்சாரை மாற்றி, வேறு மீட்டரும் போட்டுக் கொடுத்தார். பார்ட் இரண்டே நாளில் வந்தது! அந்தப் பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். சாவி போட்டால் இப்போது எல்லா விளக்கும் எரிந்து அணைகிறது. கதவில் பாறை உரசிய கோடு அப்படியே இருக்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதினோம். கடிதப் பகுதி நான். வண்டிப் பகுதி இவர். மூன்று நாள் சண்டை. நான் எழுதினால் கோபம் அதிகமாக இருக்கிறதாம், இவர் எழுதினால் ஒரு மனிதனும் அதில் இல்லை. கடைசியில் இவர் எழுதியதற்கு நடுவில் நான் எழுதியதைச் சொருகினோம். ‘பார்ட் இல்லை என்று உண்மையைச் சொல்லாமல், எச்சரிக்கையை மட்டும் மறைத்தார்கள்’ என்ற வரி என்னுடையது. அதை அடிக்க விடவில்லை.

சமாதானமாகப் போகலாம் என்று மேனேஜர் இரண்டு முறை பேசினார். இவரே போனை வாங்கி, “எழுத்துல கொடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நவநீதனும் பேசினான். வேலையை விட்டுவிட்டானாம். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான். “சார்கிட்ட கொடுங்க மேடம்” என்று கேட்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. “உங்ககிட்டதான் மேடம் சொல்லணும்” என்றான். நான் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. எழுதி அனுப்பச் சொன்னேன்.

ஜனவரி 8, வியாழன்

எடை 60. தண்ணீர் அறுநூறு.

ஊட்டி ஆணையத்திலிருந்து தபால் வந்தது. முதல் விசாரணை மார்ச் 10, காலை பத்தரை. மார்ச் வரை இழுப்பார்களா என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது, இவர் காலண்டரை எடுத்துப் புரட்டினார். மார்ச் 10 செவ்வாய்க்கிழமை.

என் போனை எடுத்து ஜெசிந்தா சிஸ்டருக்கு அவரே பேசினார்.

“சிஸ்டர், கனகசபை பேசறேன். மார்ச் பத்தாந்தேதி எனக்கு ஊட்டியில கேஸு இருக்குங்க. நான்தான் பேசணும். அன்னிக்கு மெஷினுக்கு வர முடியாது. முந்தின நாள் திங்கக்கெழமையே எனக்கு ஒரு எடம் போட்டு வெச்சிருங்க.”

அந்தப் பக்கம் சிஸ்டர் என்னவோ சொன்னார்.

“ஆமாங்க, ரெண்டு மாசம் இருக்குன்னு தெரியும்” என்றார் இவர். “இப்பவே எழுதி வைங்க.”